யந்திரம் எழுதலாம், நிறுப்பவர் யார்?

ஊவா மலைத் தோட்டங்களில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளையுடைய பெற்றோர் பலருக்கு அண்மைக் காலமாக ஒரு புதுக் கவலை தோன்றியிருக்கின்றது. பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்கும் பதுளைக்கும் பஸ் ஏறிச் சென்று கணினி கற்க விரும்பும் பிள்ளைகள் இன்று பலர். பாட்டி கொழுந்தெடுத்தாள், தாயும் கொழுந்தெடுக்கின்றாள், மகளாவது மழையிலும் வெயிலிலும் நில்லாத ஓர் உத்தியோகம் பார்க்கட்டும் என்பது லயத்து வீடுகளில் நெடுநாளாக வளர்ந்துவந்த ஆசை. அவ்வாசைக்கு நடுவே, “செய்நிரல் எழுதும் வேலையையும் இனி யந்திரமே பார்த்துக்கொள்ளுமாம். அப்படியிருக்க அந்தப் படிப்புக்குக் காசைக் கொட்டுவானேன்?” என்று சுற்றத்தார் கேட்கத் தலைப்பட்டிருக்கின்றனர்.

கேள்வி நியாயமானதே. ஆயினும், விளம்பரத்தைக் கொண்டோ வதந்தியைக் கொண்டோ இதற்கு விடை காண்பது முறையாகாது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு மென்பொருள் ஆக்கும் தொழிலைத் தானாக இயங்கச் செய்வது எப்படி என்று பல்கலைக்கழகங்கள் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கின்றன. அவ்வாராய்ச்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். யந்திரத்தை எழுத வைப்பதைக் காட்டிலும், அது எழுதியது சரிதானா என்று நிறுத்துப் பார்ப்பதே கடினமாக இருந்துவந்திருக்கின்றது. நிறுவையின் அருமையை நம் தோட்டத்து மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

பழைய கனவு

செய்நிரல் என்பது கணினிக்கு இடும் கட்டளைகளின் ஒழுங்கான வரிசை. தோட்டத்துச் செக்றோலை எடுத்துக்கொள்வோம். ஒருவர் இன்று எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார், அது நாளுக்குரிய அளவை எட்டியதா, எட்டினால் முழுப்பேர், எட்டாவிடில் அரைப்பேர், மேலதிகக் கிலோவுக்கு இவ்வளவு, முற்பணத்துக்காக இவ்வளவு கழிவு என்று கணக்கப்பிள்ளை மனத்தில் வைத்திருக்கும் விதிகளையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தால், கணினி ஆயிரம் பேரின் சம்பளத்தையும் கண்மூடித் திறப்பதற்குள் போட்டுவிடும். விதியொன்றை எழுத மறந்தால், ஆயிரம் பேரின் சம்பளத்தையும் அதே வேகத்தில் பிழையாகப் போட்டுவிடும். இத்தகைய பிழையையே வழு என்பர்.

இக்கட்டளைகளை மனிதர் எழுதாமல் யந்திரமே எழுதிக்கொள்ள வேண்டும் என்ற கனவு கணினியளவு பழையது. 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிரேஸ் ஹொப்பர் என்னும் அம்மையார், முன்னரே எழுதிவைத்த கட்டளைத் தொகுதிகளைக் கணினியே பொறுக்கி இணைத்துக்கொள்ளும் ஒரு முறையை ஆக்கினார். 1957ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் பாக்கஸ் என்பவரும் அவர் குழுவினரும் ‘ஃபோட்ரான்’ என்னும் மொழியை வெளியிட்டனர். கணக்குச் சூத்திரத்தைப் போல எழுதினால் போதும். கணினிக்குரிய எண்மொழிக்கு அதனை யந்திரமே மாற்றிவிடும். ‘தானியங்கிச் செய்நிரலாக்கம்’ என்ற பெயர் அந்நாளிலேயே இத்தகைய முறைகளுக்கு வழங்கிற்று. செய்நிரலாளர் தொழில் அத்துடன் ஒழிந்ததா? ஒழியவில்லை. எழுதுவது எளிதாகவே, கணினிக்குக் கொடுக்கும் வேலைகள் பெருகின. எழுதுவோர் தொகையும் பெருகிற்று.

செய்நிரலும் ஒரு மொழியே

இன்றைய மாற்றத்துக்கு வித்திட்ட ஆராய்ச்சிகளுள் ஒன்று 2012ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்றுப் பின்னர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய பிரேம்குமார் தேவன்புவும், ஏபிரம் ஹிண்டில் முதலிய அவர்தம் ஆய்வுத் தோழரும் ஓர் எளிய வினாவை எழுப்பினர். மனிதர் பேசும் மொழியில் ஒரு சொல்லுக்குப்பின் எச்சொல் வரும் என்று ஓரளவு ஊகிக்கலாம். செய்நிரலிலும் அவ்வாறு ஊகிக்க முடியுமா?

விடுமுறை கேட்டு எழுதும் விண்ணப்பத்தை நினைத்துப் பாருங்கள். முதல் இரண்டு சொற்களைக் கண்டவுடனே மீதி வரியை நாமே சொல்லிவிடலாம். ஏனெனில் எல்லாரும் ஒரே வாசகத்தையே எழுதுகின்றனர். பெருந்தொகையான செய்நிரல்களை அளந்து பார்த்த அவ்வறிஞர்கள், செய்நிரல் ஆங்கில உரைநடையைக் காட்டிலும் மிகுதியாகத் திரும்பத் திரும்ப வருவது, எளிதில் ஊகிக்கத்தக்கது என்று கண்டனர். மொழியைக் கற்கும் யந்திரம் செய்நிரலையும் கற்கும் என்பது இதனால் விளங்கிற்று. 2021ஆம் ஆண்டில் ஓபன்ஏஐ நிறுவனத்தார், செய்நிரல்களைப் படிக்கவைத்த ஒரு மொழி யந்திரத்தை 164 சிறு கணக்குகளைக் கொண்டு சோதித்தனர். ஒரே முயற்சியில் நூற்றுக்கு 28.8 கணக்குகளை அது சரியாகச் செய்தது. அதன்பின் ஆண்டுக்காண்டு மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்தது.

வெறும் பட்டியலின் கதை

எழுதுவது ஒரு பக்கம். எழுதியதில் உள்ள வழுவை யந்திரமே கண்டு திருத்துமா என்பது மற்றொரு பக்கம். 2009ஆம் ஆண்டில் வெஸ்ட்லி வைமர், ஸ்டெபனி ஃபோரஸ்ட் முதலான அமெரிக்க அறிஞர்கள் ‘ஜென்புரோக்’ என்ற முறையை வெளியிட்டனர். பயிர் வளர்ப்போர் நல்ல நாற்றைத் தெரிந்தெடுப்பதை ஒத்தது இது. பழுதான செய்நிரலில் ஒரு வரியை நீக்கியும், வேறிடத்து வரியைக் கொணர்ந்து சேர்த்தும் பல வடிவங்களை யந்திரம் ஆக்கும். முன்கூட்டி வகுத்த சோதனைகளில் தேறியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, மீண்டும் அவற்றிலிருந்து புது வடிவங்களை ஆக்கும். 2012ஆம் ஆண்டில் 105 வழுக்களில் 55ஐ, ஒன்றுக்கு ஏறத்தாழ 8 டொலர் செலவில் இம்முறை திருத்தியதாக அக்குழுவினர் அறிவித்தனர். உலகம் வியந்தது.

இம்முறையை ஆக்கியவர்களே கூறிய வேடிக்கையான நிகழ்ச்சி ஒன்றுண்டு. எண்களை ஏறுவரிசையில் அடுக்க வேண்டிய ஒரு செய்நிரல் பழுதாகியிருந்தது. வெளிவரும் பட்டியல் ஏறுவரிசையில் இருக்கின்றதா என்பதை மட்டும் சோதனை பார்த்தது. யந்திரம் செய்த திருத்தம் யாது? எண் ஒன்றுமில்லாத வெறும் பட்டியலைக் கொடுத்துவிட்டது! வெறும் பட்டியலில் வரிசை பிறழ்வதற்கு எதுவுமில்லை. ஆதலால் சோதனையில் தேறிவிட்டது. யந்திரத்துக்கு வஞ்சனை தெரியாது. கேட்டதைக் கொடுத்தது; கேட்க மறந்ததைக் கொடுக்கவில்லை.

2015ஆம் ஆண்டில் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் பேராசிரியர் மார்ட்டின் ரைனார்ட் என்பவரும் அவர்தம் குழுவினரும் மேற்சொன்ன 55 திருத்தங்களையும் மீண்டும் எடுத்து ஆராய்ந்தனர். அவற்றுள் உண்மையில் சரியாகத் திருத்தப்பட்டவை இரண்டே என்று கண்டனர். ஏனையவற்றுட் பெரும்பாலானவை, வழு இருந்த பகுதியின் வேலையையே நீக்கிவிட்டதற்கு ஒப்பானவை. தலைவலிக்குத் தலையை வாங்கிய வைத்தியம் போலாயிற்று அது.

மடுவத்துத் தராசு

இதனைப் படிக்கும்போது நம் நினைவு கொழுந்து மடுவத்துக்குச் செல்கின்றது. கூடையை இறக்கி நிறுவைக்கு நிற்கும் பெண்ணுக்குத் தராசின் முள்ளே அன்றைய பேர். தராசு எதனைக் காட்டும்? எடையை மட்டுமே காட்டும். இரண்டு இலையும் ஓர் அரும்புமாகப் பறித்த நல்ல கொழுந்தானாலும், முற்றிய இலையை அள்ளித் திணித்ததானாலும் முள் ஒன்றுபோலவே நகரும். ஆதலால்தான் தராசுக்கு அருகே கொழுந்தைக் கையால் கிளறிப் பார்ப்பவர் ஒருவர் நிற்கின்றார். மற்றொரு புறத்தில், பைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழிக்கும் கிலோக்கள் நியாயமானவைதாமா என்ற வழக்கு நம் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகின்றது. தராசு பொய்த்தால் உழைப்பும் பொய்க்கும் என்பதை நம் மக்கள் எந்தப் பேராசிரியரிடமும் சென்று கற்கவில்லை.

மென்பொருள் ஆராய்ச்சியிலும் பெரிய வழக்கு தராசைப் பற்றியதே. 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் ‘ஸ்வீ-பெஞ்ச்’ என்ற ஒரு புதுத் தராசைச் செய்தனர். இக்குழுவிலிருந்த பேராசிரியர் கார்த்திக் நரசிம்மனும் சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்றவரே. பாடப்புத்தகக் கணக்குகளை விட்டுவிட்டு, உலகெங்கும் வழங்கும் 12 திறந்த மென்பொருள்களில் மெய்யாகவே ஏற்பட்டு, மனிதர் மெய்யாகவே தீர்த்துவைத்த 2,294 சிக்கல்களை அவர்கள் திரட்டினர். சிக்கலின் விவரத்தையும் உரிய மென்பொருளின் செய்நிரலையும் யந்திரத்திடம் கொடுத்து, அதன் விடை சோதனைகளில் தேறுகின்றதா என்று பார்த்தனர். முதல் நிறுவையில் மிகுந்த மதிப்பெண் பெற்ற யந்திரமும் நூற்றுக்கு இரண்டை எட்டவில்லை. மறு ஆண்டிலேயே அப்பல்கலைக்கழகத்தார் ஆக்கிய ‘ஸ்வீ-ஏஜென்ட்’ என்னும் முறை 12.47ஐப் பெற்றது.

அதன்பின் தராசையே நிறுத்துப் பார்க்கத் தொடங்கினர். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஓபன்ஏஐ நிறுவனத்தார், அனுபவமுள்ள 93 செய்நிரலாளர்களைக் கொண்டு அச்சிக்கல்களில் 1,699ஐப் பரிசீலித்ததன் முடிவை வெளியிட்டனர். விவரம் போதாமை, சோதனை நியாயமற்றிருத்தல் முதலிய காரணங்களால் நூற்றுக்கு 68 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை தள்ளப்பட்டன. 500 சிக்கல்கள் கொண்ட ஒரு தெரிவு மட்டும் தராசாக நிறுத்திக்கொள்ளப்பட்டது. அதே ஆண்டில் கனடாவின் யோர்க் பல்கலைக்கழகத்தார், மேற்சொன்ன முறையின் வெற்றிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தனர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில், விடையே சிக்கலின் விவரத்திலோ அதன்கீழ் எழுதிய குறிப்பிலோ கசிந்திருந்தது. இன்னொரு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவை, சோதனை வலுவற்றிருந்தமையால் தேறியவை. இவற்றை நீக்கியபின் 12.47 என்ற மதிப்பெண் 3.97 ஆகச் சுருங்கிற்று.

யந்திரங்கள் அவ்விடத்திலேயே நின்றுவிட்டன என்று எவரும் எண்ணற்க. 2025ஆம் ஆண்டில் அந்த 500 சிக்கல்கள் கொண்ட தராசில் பல யந்திரங்கள் நூற்றுக்கு 70க்கு மேல் பெற்றன. முன்னேற்றம் உண்மையானது. அந்த மதிப்பெண் எவ்வளவு பெறும் என்பதை மட்டும், தராசைச் செய்தவரின் கவனமே தீர்மானிக்கின்றது.

வேகமும் மயக்கமும்

யந்திரத்தின் துணையால் வேலை விரைவாகின்றதா? இதற்கும் நேர்மாறான இரு விடைகள் கிடைத்திருக்கின்றன. 2023ஆம் ஆண்டில் வெளியான ஒரு சோதனையில் 95 செய்நிரலாளர்களுக்கு ஒரே சிறு வேலை கொடுக்கப்பட்டது; யந்திரத்தின் துணை பெற்றவர்கள் அதனை 55.8 விழுக்காடு குறைந்த நேரத்தில் முடித்தனர். 2025ஆம் ஆண்டில் ‘மீட்டர்’ என்னும் ஆய்வு நிறுவனம், தமக்கு நன்கு பழகிய பெரிய மென்பொருள்களில் உழைக்கும் 16 வல்லுநரை 246 வேலைகளில் சோதித்தது. யந்திரத்தைப் பயன்படுத்தியபோது அவர்களுக்கு 19 விழுக்காடு அதிக நேரம் பிடித்தது. வியப்பு என்னவெனில், வேலை முடிந்த பின்னரும் தாம் 20 விழுக்காடு விரைவாகச் செய்ததாகவே அவர்கள் நம்பியிருந்தனர்!

புதிதாக ஒன்றைக் கட்டும்போது யந்திரம் பெருந்துணை. ஏற்கெனவே பலர் கைப்பட்டு வளர்ந்த சிக்கலான ஒன்றில், அது எழுதியதைப் படித்துச் சரிபார்ப்பதிலேயே நேரம் செலவாகிவிடக்கூடும் என்று இவ்விரண்டையும் சேர்த்து நாம் விளங்கிக்கொள்கின்றோம். அளந்து பாராத வரையில் நம் கண்ணையே நாம் நம்பலாகாது என்பதும் இதிற் கிடைத்த பாடம்.

நம் மலைக்கு என்ன?

இவையெல்லாம் பிரின்ஸ்டனுக்கும் கலிபோர்னியாவுக்கும் உரியவை. பூனாகலைக்கு இவற்றால் ஆவதென்ன என்று வாசகர் கேட்கலாம். நம் மலைக்கு உயிர்ப் பிரச்சினையாக உள்ள ஒன்றைக் கொண்டே விளக்குவோம்.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மண் மூடிய கொடுமையை ஊவா மறக்கவில்லை. 2023ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பூனாகலைக் கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்து குடும்பங்கள் இருப்பிடம் இழந்தன. தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையின் அளவைக் கொண்டு மண்சரிவு எச்சரிக்கை விடுகின்றது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் கடந்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 கடந்தால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 கடந்தால் வெளியேறிவிட வேண்டும் என்பது அதன் பொதுவான அளவுகோல்.

ஒரு மாணவி இவ்விதியைக் கூறி, எச்சரிக்கைச் செய்நிரல் ஒன்றை எழுதித் தருமாறு யந்திரத்தைக் கேட்கின்றாள் என்று கற்பனை செய்வோம். சில விநாடிகளில் அது எழுதிவிடும். அது சரிதானா என்று எப்படிப் பார்ப்பது? 40 மில்லிமீற்றர் பெய்த நாளில் எச்சரிக்கை வரக்கூடாது, 60 பெய்த நாளில் வரக்கூடாது என்ற சோதனைகளை மட்டும் அவள் வைத்தால், ஒருநாளும் வாய் திறவாத செய்நிரலும் அவற்றில் தேறிவிடும். வெறும் பட்டியலின் கதையேதான்.

இன்னும் நுணுகிப் பார்ப்போம். மாலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை 80 மில்லிமீற்றர். நள்ளிரவு முதல் விடியும் வரை மேலும் 80. ஓர் இரவுக்குள் 160 பெய்துவிட்டது. மக்கள் வெளியேறியிருக்க வேண்டும். செய்நிரலோ திகதி வாரியாகக் கூட்டுமாயின், முதல் நாளுக்கு 80, மறுநாளுக்கு 80 என்றே காணும். விழிப்பாயிருங்கள் என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. மழைமானி பழுதாகி எதுவும் பதியாதபோது, ‘மழை இல்லை’ என்றும் ‘அளவு கிடைக்கவில்லை’ என்றும் வேறுபடுத்தாத செய்நிரல், கொட்டும் மழையில் அமைதி காக்கும். இவ்வினாக்களை எழுப்புவதற்கு மலை மழை இரவில் எப்படிப் பெய்யும் என்பதும், காற்றில் கம்பி அறுந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பூனாகலையில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்கு அது தெரியும்.

மீரியபெத்தை மண் ஆபத்தானது என்று அதிகாரிகள் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தனர். எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியிருக்கப் பாதுகாப்பான வீடு இருக்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் செய்நிரலை எந்த யந்திரமும் எழுதித் தராது என்பதையும் நாம் மறத்தலாகாது.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வோம்?

உள்ளதை ஒளிக்காமற் சொல்ல வேண்டும். தொடக்க நிலை வேலைகளுக்கு நெருக்கடி வந்திருக்கின்றது. அமெரிக்க ஊதியப் பதிவுகளை ஆராய்ந்த ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தார் 2025ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, செயற்கை நுண்ணறிவு மிகுதியாகப் புகுந்த தொழில்களில் 22 முதல் 25 வயதுவரையுள்ள இளைஞரின் வேலைவாய்ப்பு, ஏனையோருடன் ஒப்பிடுகையில் 13 விழுக்காடு குறைந்திருந்தது. வயதிலும் அனுபவத்திலும் முதிர்ந்தோருக்கு அவ்வாறு குறையவில்லை. ஆறு மாத வகுப்பில் ஒரு கணினி மொழியின் கட்டளைகளை மனப்பாடஞ் செய்து சான்றிதழ் வாங்கிவிட்டால் வேலை நிச்சயம் என்று எவரேனும் கூறினால், பெற்றோர் அவசரப்பட்டுப் பணத்தைக் கட்டிவிட வேண்டாம். மனப்பாடத்தை யந்திரம் நம்மினும் நன்றாகச் செய்யும்.

அதற்காகப் படிப்பையே கைவிடுவது பெரும்பிழை. பதுளையிலேயே 2005ஆம் ஆண்டு முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. கணினித் துறைப் பட்டப்படிப்பும் அங்கே உண்டு. ஆழ்ந்த படிப்புக்கு வாய்ப்புக் கிடைக்கும் பிள்ளை அதனைப் பற்றிக்கொள்ளட்டும். கணிதத்தை விடாமற் கற்கட்டும். பிறர் எழுதிய செய்நிரலை வரி வரியாகப் படித்துப் பொருள் சொல்லப் பழகட்டும். ஒரு வேலை எப்படி நடக்கவேண்டும் என்பதை ஐயத்துக்கிடமின்றித் தெளிந்த தமிழில் எழுதப் பழகட்டும். இன்றைய யந்திரங்களுக்குத் தமிழிலும் சொல்லலாம். எதனைக் கண்டாலும், ‘இது பிழையென்றால் எனக்கு எப்படித் தெரியவரும்?’ என்ற கேள்வியை முதலிற் கேட்கும் வழக்கம் வரட்டும்.

வீட்டிலுள்ள பெரியோரும் இதில் உதவலாம். கணினி தெரியாத தாய்க்கும், செக்றோலில் கிலோ குறைந்தால் எந்த நாளில், எந்த நிறுவையில் குறைந்தது என்று கண்டுபிடிக்கத் தெரியும். தராசின் முள்ளை நம்பிவிடாமல் உற்றுப் பார்க்கும் அந்தக் கண் நம் குடும்பங்களில் நெடுங்காலமாக உண்டு. அதனைப் பிள்ளைகளுக்குக் கொடுத்து, அதற்குமேல் கல்வியையும் கொடுப்போமாயின், யந்திரம் எவ்வளவு எழுதினாலும் அதனை நிறுக்கும் இடத்தில் நம் பிள்ளைகள் நிற்பர் என்பதே நமது துணிபு.